வாசகர் கேள்வி–பதில்: நெற்றியும் நெஞ்சும்

பொதுவாழ்வில் இருப்பவர்களின் தெய்வ நம்பிக்கையையும் அவர்கள் வீட்டு வழக்கங்களையும் பற்றிச் சில மாதங்களாகத் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. “இவர் உண்மையிலேயே நம்புகிறவரா, இல்லை வெறும் வேஷமா?” என்ற ஒரே கேள்வியைத்தான் பெரும்பாலானவை ஆளுக்கொரு பெயரை வைத்துக் கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்: இராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை அருளினார் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். கேம்பிரிட்ஜில் அவருக்கு வழிகாட்டிய ஹார்டியோ, அவருடைய சமயப் பற்று பெரிதும் பழக்கம் சார்ந்ததே என்று எழுதியிருக்கிறார். எதை நம்புவது?

இரு தரப்பிலும் யாரும் பொய் சொல்லவில்லை என்பது என் எண்ணம். நாமக்கல் மலையடிவாரத்தில் நரசிம்மர் கோயிலில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயார், இராமானுஜனின் அன்னை கோமளத்தம்மாள் வீட்டார் வழிவழியாக வணங்கிய தெய்வம். 1913இல் இங்கிலாந்துக்கு வரும்படி அழைப்பு வந்தபோது, கடல் தாண்டுவது ஆசாரத்துக்கு விரோதம் என்பதால் இராமானுஜன் முதலில் இசையவில்லை. பிறகு நாமக்கல் கோயிலில் மூன்று இரவுகள் படுத்திருந்து உத்தரவு பெற்றார் என்று ஒரு செய்தி உண்டு. மகன் வெள்ளைக்காரர்கள் நடுவே அமர்ந்திருப்பதாக அன்னை கனவு கண்டார் என்றும், குறுக்கே நிற்காதே என்று தாயார் ஆணையிட்டதாகச் சொல்லி அவரே சம்மதித்தார் என்றும் இன்னொரு செய்தி உண்டு. 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறும் முன்பாக அவருடைய குடுமி எடுக்கப்பட்டது. அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாமென்று அன்னையையும் மனைவியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

கேம்பிரிட்ஜில் அவர் கடைசிவரை புலால் உண்ணவில்லை. தம் அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். போர்க்காலத்தில், அந்தக் குளிரில், காய்கறி கிடைப்பதே அரிதாயிருந்த நாட்டில் இது சிறிய காரியமன்று. ஆனால் எல்லா மதங்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு உண்மையானவை என்றே தமக்குத் தோன்றுவதாக அவர் ஹார்டியிடம் ஒருமுறை சொன்னார். அதைக் கேட்டு ஹார்டி வியந்துபோய், இவருடைய சமயம் அனுஷ்டானமே தவிர அறிவால் தெளிந்த நம்பிக்கையன்று என்று முடிவு கட்டினார்.

ஹார்டி சறுக்கியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அவர் பிடிவாதமான நாத்திகர். தேவாலயத்துக்குள் கால் வைக்கவே தயங்கியவர். ஒரு மதத்தை நம்புகிறவன் மற்றவற்றைப் பொய்யென்றே கருத வேண்டும் என்பது அவர் வளர்ந்த சூழலின் கணக்கு. கும்பகோணத்துத் திண்ணையில் “எல்லாச் சாமியும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு, எழுந்து நேரே சாரங்கபாணி கோயிலுக்குப் போகும் பாட்டியை அவர் பார்த்ததில்லை. அந்தப் பாட்டியை நாத்திகர் என்று நாம் யாரும் சொல்ல மாட்டோம். அதேபோல, தாயார் கனவில் வந்து சொன்னார் என்பதை வைத்துக்கொண்டு, சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்த அவருடைய உழைப்பை ஒன்றுமில்லாமல் ஆக்குவதும் தவறு.

இந்தக் கதைக்கு ஒரு கசப்பான பின்குறிப்பும் உண்டு. நோயோடு திரும்பிய அவர் 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் காலமானபோது, கடல் தாண்டியவர் பிராயச்சித்தம் செய்துகொள்ளவில்லை என்பதற்காக ஆசாரமான உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. அவருடைய நம்பிக்கையை அளந்து பார்க்க ஹார்டிக்கு முன்பே ஊரில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

சட்டக் கல்லூரி மாணவி, மதுரை: அமைச்சர்களில் சிலர் கடவுள் பெயரால் பதவி ஏற்கிறார்கள்; சிலர் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்கிறார்கள். இந்த இரண்டு வழி எப்படி வந்தது?

நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இரண்டு வாசகங்களும் அருகருகே தரப்பட்டுள்ளன. எதைச் சொல்வது என்பது பதவி ஏற்பவரின் விருப்பம். 1967இல் அண்ணா தலைமையில் அமைந்த அமைச்சரவை உளமார உறுதி கூறியே பொறுப்பேற்றது. அன்றிலிருந்து அது தமிழ்நாட்டுக்குப் பழகிய காட்சி.

இவ்வளவு எளிதாக இன்று நமக்குக் கிடைக்கும் இந்த உரிமைக்காக இங்கிலாந்தில் ஒருவர் ஆறு ஆண்டுகள் போராடினார். சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடவுள் பெயரால் ஆணையிடாமல் உறுதிமொழி கூற அனுமதி கேட்டார், மறுத்தார்கள். சரி, வழக்கமான ஆணையையே எடுக்கிறேன் என்றார். கடவுளை நம்பாதவன் கடவுள்மேல் ஆணையிட்டால் அது செல்லாது என்று அதையும் தடுத்தார்கள். நாடாளுமன்ற மணிக்கூண்டில் ஓர் இரவு சிறையும் இருந்தார். தொகுதி மக்கள் சளைக்காமல் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 1886இல்தான் அவர் இருக்கையில் அமர முடிந்தது. 1888இல் அவர் முயற்சியாலேயே உறுதிமொழிக்கு வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. அதே 1880களில் சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற இதழை நடத்திய சுதந்திர சிந்தனையாளர்கள் அவருடைய கருத்துகளைத் தமிழில் பரப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிராட்லா இந்தியாவின் நண்பர். 1891இல் அவர் மறைந்தபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயது காந்தியும் இறுதி நிகழ்ச்சிக்குப் போயிருந்தார். திரும்பும் வழியில் இரயில் நிலையத்தில் கண்ட காட்சியைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். கூட்டத்திலிருந்த நாத்திகர் ஒருவர், அங்கே நின்றிருந்த பாதிரியாரை மடக்கி, பூமியின் சுற்றளவைச் சொல்லிவிட்டு, அப்படியானால் உங்கள் கடவுளின் அளவு என்ன, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கிறார். பாதிரியார் தாழ்ந்த குரலில், அவர் நம் இருவர் நெஞ்சிலும் இருக்கிறார் என்கிறார். என்னைக் குழந்தையென்று நினைத்தீரா என்று நாத்திகர் வெற்றிக் களிப்போடு சுற்றி நிற்பவர்களைப் பார்க்கிறார். இதைக் கேட்டுத் தமக்கு நாத்திகத்தின்மேல் இருந்த வெறுப்பு இன்னும் கூடியது என்கிறார் காந்தி. ஆனாலும் நாத்திகர் ஒருவருக்கு மரியாதை செலுத்தத்தான் அவர் அங்கே போயிருந்தார். வந்திருந்த பாதிரிமார்களும் அப்படியே.

வங்கி ஊழியர், திருச்சி: நேரு தமக்குச் சமயச் சடங்கு வேண்டாம் என்று உயில் எழுதியும் அவருக்குச் சடங்குகள் நடந்தனவாமே?

நடந்தன. 1954இல் எழுதிய உயிலில், தமக்கு எந்த மதச் சடங்கும் செய்யக்கூடாது என்றும், அவற்றில் நம்பிக்கையில்லாத ஒருவருக்கு வெறும் வழக்கத்துக்காக அவற்றைச் செய்வது தம்மையும் பிறரையும் ஏமாற்றுவதாகும் என்றும் நேரு மிகத் தெளிவாகவே எழுதியிருந்தார். 1964 மே 27 அன்று அவர் மறைந்தார். மறுநாள் யமுனைக் கரையில் வேத மந்திரங்கள் ஓத, பேரன் சஞ்சய் தீ மூட்ட, தகனம் நடந்தது.

அதே உயிலில் இன்னொரு பகுதி இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தம் சாம்பலில் ஒரு பிடியை அலகாபாத்தில் கங்கையில் கரைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, இதற்கு மதப் பொருள் எதுவும் இல்லை, சிறு வயதிலிருந்தே கங்கையோடும் யமுனையோடும் எனக்குள்ள பற்றுதான் காரணம் என்று விளக்குகிறார். எஞ்சியதை விமானத்திலிருந்து, உழவர்கள் பாடுபடும் வயல்கள்மேல் தூவச் சொல்கிறார். சடங்கை மறுத்தவர் ஆற்றை மறுக்கவில்லை. நம்பிக்கையும் மரபும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு நேர்த்தியாகப் பிரித்துக் காட்டிய ஆவணம் நம் பொதுவாழ்வில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உறவினரும் மற்றவரும் அதைப் பிரித்துப் பார்க்க மறுத்தார்கள். துக்க வீட்டில் நடப்பது என்பதால் அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் இறந்தவரின் எழுத்து மூலமான சொல்லை மீறியதைச் சரியென்று என்னால் சொல்ல முடியாது.

வாசகர், சேலம்: ஐயங்கார் குடும்பத்தில் பிறந்த ஜெயலலிதாவைப் புதைத்தது மரபு மீறல்தானே? திராவிட இயக்கத்தார் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

அண்ணா 1969இல், எம்.ஜி.ஆர். 1987இல், ஜெயலலிதா 2016இல், கருணாநிதி 2018இல் என்று மெரினாவில் அடக்கங்கள் தொடர்வதற்கு முதற்காரணம் நினைவிடம். தொண்டன் வந்து கைவைத்துக் கும்பிட ஓர் இடம் வேண்டியிருக்கிறது. கடவுள் மறுப்பில் பிறந்த இயக்கத்தின் தலைவர்கள் படுத்திருக்கும் இடத்தில் பூவும் சூடமும் வந்துவிட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் புதைப்பதே மரபு மீறல் என்பதை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் எரிக்கும் சமூகங்கள் இருப்பதுபோலப் புதைக்கும் சமூகங்களும் தொன்றுதொட்டு உண்டு. சைவ ஆதீனத்துக் குருமார்களைச் சமாதியில் வைத்து மேலே குருமூர்த்தம் எழுப்புவார்கள். வைணவத்தில் துறவிகளைத் திருப்பள்ளிப்படுத்துவார்கள், அதாவது மண்ணில் அடக்கம் செய்வார்கள். திருவரங்கம் கோயிலுக்குள் இராமானுஜர் சந்நிதியில் இருப்பது அவருடைய தானான திருமேனியே, அதாவது அவர் உடலே என்பது வைணவர்களின் நம்பிக்கை. 2011இல் அதே திருவரங்கத்தின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் ஜெயலலிதா. இல்லறத்தார்க்கும் துறவிக்கும் விதி வேறு என்று நீங்கள் வாதிடலாம்; அந்த வாதத்துக்கு இடம் உண்டு. மெரினாவில் புரோகிதர் முன்னிலையில் சில சடங்குகள் நடந்த பின்னும் மனம் ஆறாத உறவினர் சிலர், ஒரு வாரம் கழித்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக் கரையில் பொம்மை ஒன்றை வைத்துத் தகனம் செய்தார்கள்.

இல்லத்தரசி, காஞ்சிபுரம்: கருணாநிதி சத்ய சாய்பாபாவோடு மேடையில் அமர்ந்ததும், கடைசிக் காலத்தில் இராமானுஜர் தொடருக்கு வசனம் எழுதியதும் அவர் கொள்கைக்கு முரண் இல்லையா? அவர் தோளில் கிடந்த மஞ்சள் துண்டுக்கு என்ன பொருள்?

முரணென்று அன்றைக்கே அவருடைய தோழர்கள் சிலரும் எதிரிகள் பலரும் சொன்னார்கள். 2007 ஜனவரியில் நடந்த அந்தச் சென்னை விழாவுக்குக் காரணம் தண்ணீர்: கண்டலேறிலிருந்து பூண்டிக்கு வரும் கால்வாயை சாய்பாபாவின் அறக்கட்டளை செப்பனிட்டுக் கொடுத்ததால் கிருஷ்ணா நீர் சென்னைக்குச் சேதமின்றி வந்தது. குழாயில் தண்ணீர் வராத ஊரின் முதலமைச்சர் அதற்கு நன்றி சொன்னார். இதில் கொள்கை எங்கும் அடகு வைக்கப்படவில்லை. 2015இல் வந்த இராமானுஜர் தொடர் வேறு வகை. சாதி பாராமல் மந்திரத்தைக் கோபுரத்தின் மேலேறிச் சொன்னவர் என்று திருக்கோட்டியூர் கொண்டாடும் மனிதரை, 92 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சீர்திருத்தவாதி தம்மவர் என்று உரிமை கொண்டாடினார். மஞ்சள் துண்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒருவர் தோளில் கிடக்கும் துணியைக் கொண்டு அவர் நெஞ்சைப் படிக்கும் கலை எனக்குக் கைவரவில்லை.

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: இராக்கெட் விடும் விஞ்ஞானிகள் திருப்பதிக்குப் போகலாமா?

போகலாம். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்புவதற்கு முன் சிறு மாதிரியோடு திருமலைக்கு ஒரு குழு போனது. இஸ்ரோ தலைவர் சூளூர்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்குப் போனார். எரிபொருள் கணக்கை அம்மனிடம் விட்டுவிட்டுப் போயிருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

நாதசுர இரசிகர், திருவையாறு: வேற்று மதத்தில் பிறந்தவர்கள் கோயில் இசையில் உயர்ந்ததைப் பற்றி எழுதுங்களேன்.

முதலில் நினைவுக்கு வருபவர் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்துக் கரவடியில் பிறந்த இசுலாமியர். தஞ்சை நாதசுர பாணியின்மேல் கொண்ட மோகத்தால் தமிழ்நாட்டுக்கு வந்து, திருவரங்கத்திலேயே குடியிருந்து, அரங்கநாதர் முன் வாசித்து, அங்கேயே வாழ்வை முடித்தவர். தொழுகையையும் அவர் விடவில்லை. காசியில் பிஸ்மில்லா கானும் அப்படித்தான்: விசுவநாதர் கோயிலில் ஷெனாய் வாசித்த அதே வாய், மொகரம் நாளில் துக்க ராகங்களை வாசித்தபடி வெறுங்காலோடு ஊர்வலத்தில் நடந்தது.

ஜேசுதாஸின் கதையில் மட்டும் ஒரு நெருடல். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவருடைய குரலில்தான் சபரிமலையில் இரவு நடை சாத்தும்போது ‘ஹரிவராசனம்’ ஒலிக்கிறது. பிறந்தநாள்தோறும் கொல்லூர் மூகாம்பிகை சந்நிதியில் பாடுவதை அவர் பல்லாண்டுகளாக வழக்கமாக வைத்திருந்தார். ஆனால் குருவாயூரப்பனைப் பற்றி அவ்வளவு பாடியும் இந்து அல்லாதார்க்கு அனுமதியில்லை என்ற விதியால் குருவாயூர் கோயிலுக்குள் அவர் போக முடியவில்லை. மேற்சொன்ன இருவரிடமும் அவர்கள் எந்தச் சாமியை நம்புகிறார்கள் என்று யாரும் பத்திரம் கேட்கவில்லை. மரபு ஓர் ஊரில் கதவைத் திறக்கிறது. அடுத்த ஊரில் அதே மரபு தாழ் போடுகிறது. குருவாயூரில் அந்தக் கதவு திறக்க வேண்டும் என்பது என் விருப்பம். விதியை மாற்ற வேண்டியவர்கள் அங்கே வழிபடுகிறவர்கள் என்பதால் விருப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாசகர், ஈரோடு: பிள்ளையார் சிலையை உடைத்த பெரியாருக்குப் பக்தர்களோடு எப்படி நட்பு இருந்தது?

உங்கள் ஊர்க்காரரைப் பற்றி என்னைக் கேட்கிறீர்கள்! 1953இல் அவர் பிள்ளையார் சிலைகளை உடைக்கும் போராட்டம் நடத்தியது உண்மை. இளமையில் ஈரோட்டுக் கோயில்களின் நிர்வாகத்தைக் கணக்கு வழக்கோடு பார்த்தவர் என்பதும் உண்மை. திரு.வி.க. அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஆற்றில் குளித்துக் கரையேறிய நண்பருக்குத் திருநீற்றைப் பெரியாரே எடுத்து நீட்டினார் என்று ஒரு செய்தி பரவலாக வழங்குகிறது. விருந்தாளிக்கு அப்போது தேவைப்பட்டது திருநீறு, அவ்வளவுதான். சைவ மடத்துத் தலைவரான குன்றக்குடி அடிகளாரோடு அவர் மேடைகளைப் பகிர்ந்துகொண்டதும் தெரிந்ததே.

இராஜாஜியோடு இருந்த உறவு இதையெல்லாம் விடப் பெரிது. அரை நூற்றாண்டு அரசியலில் எதிரெதிராக நின்றவர்கள். ஒருவர் இராமாயணத்தை மக்களுக்கு எழுதிக் கொடுத்தார், மற்றவர் அதே இராமாயணத்தைக் கிழித்து ஆராய்ந்தார். 1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து, மந்திரங்கள் ஓதப்படும் இடத்தில், சிதையின் அருகே குழந்தைபோல் அழுதார். அடுத்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அவரும் போய்விட்டார்.

அரசு ஊழியர், விழுப்புரம்: குடியரசுத் தலைவரோ முதலமைச்சரோ குடமுழுக்குக்குப் போவது மதச்சார்பின்மைக்கு இழுக்கா?

இந்த விவாதம் 1951லேயே வந்துவிட்டது. புதுப்பித்துக் கட்டிய சோமநாதர் கோயிலைத் திறந்துவைக்கக் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் ஒப்புக்கொண்டார். அந்தப் பதவியில் இருப்பவர் போகக்கூடாது என்று பிரதமர் நேரு கடிதம் எழுதினார். பிரசாத் மே 11 அன்று போனார். மற்ற மதத்தார் தங்கள் வழிபாட்டிடத்துக்கு அழைத்தாலும் இவ்வாறே செல்வேன் என்பது அவர் நிலை. இருவரில் ஒருவரை மட்டும் சரியென்று சொல்ல எனக்குத் தயக்கம். ஆனால் அந்தக் கோயிலை அரசுப் பணத்தில் கட்டக்கூடாது, மக்களிடம் நன்கொடை பெற்றே கட்ட வேண்டும் என்று அதற்கு முன்பே காந்தி சொல்லியிருந்தார், அதன்படியே நடந்தது. தலைவர் எந்தச் சந்நிதியில் நிற்கிறார் என்பதைவிட, நிற்பதற்கான செலவு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். அலுவலகக் கோப்புகளோடு பழகிய உங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெயர் வேண்டாம் என்ற வாசகி, புதுச்சேரி: ஊரார் நம்பிக்கையையெல்லாம் எழுதுகிறீர்களே, நீங்கள் சாமி கும்பிடுவீர்களா?

செவ்வாய்க்கிழமைதோறும் மாலையில் என் தாயாரைத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கைபிடித்து அழைத்துப் போகிறேன். அவர் உள்ளே போனதும் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பேன். திரும்பி வந்து என் நெற்றியில் திருநீற்றை அவரே இட்டுவிடுவார். கண்ணில் விழாமல் இருக்க ஊதியும் விடுவார். நீ கும்பிட்டாயா என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை.